இடது காலைச் சுமந்த சக்கரம்

மாணிக்கவாசகத்தின் இடது கால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் அவர் சொன்னதைக் கேட்காமல் போனது.

மாத்தளையிலிருந்து லக்கலைக்குப் போகும் பஸ் அது. பத்தொன்பது வருடமாக அவர் ஓட்டிவந்த பாதை. ரத்தோட்டையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் பனி இறங்கிவந்து முன் கண்ணாடியை மூடும். வைப்பர் ஒரு தடவை துடைக்க, அடுத்த வளைவு கொஞ்ச நேரம் தெரிந்து மறையும். அன்றும் அப்படித்தான். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க வேண்டும். கால் கிளச்சின் மேல் இருந்தது. அமுக்கினார். அமுங்கவில்லை. குனிந்து பார்த்தார். செருப்புப் போட்ட ஒரு கால் கிளச்சின் மேல் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி.

வலது கால் பிரேக்கை மிதித்தது. பஸ் இரண்டு மூன்று தடவை குலுங்கி, இன்ஜின் அடங்கி, மலைப்பக்கம் ஒதுங்கி நின்றது. கண்டக்டர் குதித்து இறங்கி டயருக்குக் கல் வைத்தார். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. "என்னண்ணே, என்ன ஆச்சு?" என்று கண்டக்டர் கேட்டது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. பதிலும் தெளிவாக மனதில் இருந்தது. வாயில்தான் வரவில்லை. பின்னால் வந்த வேன் ஒன்றில் அவரைப் படுக்கவைத்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேன் கண்ணாடி வழியாக மரங்கள் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தன. பயமாக இல்லை. அழகாக இருந்தது என்று பிற்பாடு அவர் சொன்னபோது அவர் மனைவி சுதர்சினி கோபப்பட்டாள்.

அது 2022 தை மாதம். அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

பக்கவாதம் என்றார்கள் டாக்டர்கள். பேச்சு பத்து நாளில் திரும்பியது. இடது கை இரண்டு மாதத்தில் ஒரு கோப்பையைப் பிடிக்கும் அளவுக்கு வந்தது. கால் மட்டும் வரவில்லை.

உக்குவளை ஸ்டேஷனுக்கு மேலே, குறுக்கு வழியில் அரை மைல் ஏறினால் அவர்கள் வீடு. பின்னால் அரை ஏக்கர் மிளகுத் தோட்டம். அதைச் சுதர்சினி பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் அவர்கள் இருவர்தான். காலையில் அவள் அவரைப் பின் விறாந்தையில் பிரம்புக் கதிரையில் உட்காரவைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் போவாள். மரத்துக்கு மரம் ஏறிய மிளகுக் கொடிகளுக்கு நடுவில் அவளுடைய சேலை தெரியும், மறையும். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இலைகளில் வெயில் அசையும். கண்டிக்குப் போகும் ரயில் கூவும். கண்ணை மூடினால் இடது கால் கிளச்சை அமுக்கும். மெதுவாக, மெத்தென்று, பழைய மாதிரி. கண்ணைத் திறந்தால் கால் கீழே கிடக்கும். கண்ணைத் திறக்காமலே இருந்துவிடலாம் என்று அவருக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி அறை. அங்கே துஷாந்தினி என்ற இளம் பெண் அவரைக் கவனித்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் அவரை ஒரு சைக்கிளில் ஏற்றினாள். எங்கேயும் போகாத சைக்கிள். முன்னால் டயர் இல்லாத ஒரு கனமான இரும்புச் சக்கரம். இடது காலைப் பெடலில் வைத்துப் பட்டியால் கட்டினாள்.

"வலது காலால மிதிங்க அங்கிள். இடது காலப் பத்தி யோசிக்காதீங்க."

மிதித்தார். முதல் மிதி பாறையைத் தள்ளுவது போல இருந்தது. அடுத்தது கொஞ்சம் இலகு. ஐந்தாவது ஆறாவது மிதியில் சக்கரம் தானாகவே ஓடுவது மாதிரி ஓடத் தொடங்கியது. வலது கால் கீழே போய் அடியைத் தொட்டதும், அதற்குப் பிறகு மிதிக்க யாரும் இல்லை. இடது காலின் முறை. அங்கே நின்றுவிடும் என்று நினைத்தார். நிற்கவில்லை. இடது கால் மேலே வந்தது, முன்னால் போனது, இறங்கியது, மறுபடி மேலே வந்தது. அவர் மிதிக்கவில்லை. ஆனாலும் போய்க்கொண்டிருந்தது.

"யாரு மிஸ் மிதிக்கிறது?"

"நீங்கதான் அங்கிள். வலது காலால நீங்க குடுத்தத இந்தச் சக்கரம் வச்சிருக்கு. இடது கால் முறை வர்றப்ப அத எடுத்துக் குடுக்குது."

அவர் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நோய் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

"ஃப்ளைவீல்! நம்ம பஸ்ல இருக்குறதுதானே மிஸ். இன்ஜின்ல ஒரு பிஸ்டன் நாலு அடி வச்சா ஒரு அடிதான் உழைக்குது. மத்த மூணு அடிக்கும் அதால முடியாது. அந்த மூணு அடியையும் ஃப்ளைவீல்தான் தாண்டவைக்குது. அது இல்லைன்னா இன்ஜின் ஒரு தடவ உதைச்சிட்டு நின்னுரும்."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. உங்க மூளைக்கு இந்தக் கால் இருக்குறதே மறந்துபோச்சு. சுத்திச் சுத்தி வந்தா ஞாபகம் வரலாம். வராமலும் போகலாம். ஆனா நிறுத்தக் கூடாது."

அந்த அரை மணி நேரத்துக்காக அவர் மற்ற நாட்களைக் கடத்தினார்.

சித்திரை, வைகாசி என்று போகப் போக நாட்டில் எண்ணெய் இல்லாமல் போனது. உக்குவளை பெற்றோல் ஷெட்டிலிருந்து வாகன வரிசை ரயில் பாதை வரைக்கும் வந்து நின்றது. த்ரீவீல்கள் ஓடவில்லை. லக்கலை பஸ்ஸை முதலாளி நிறுத்திவிட்டார். சுதர்சினி அவரைத் தாங்கிக்கொண்டு ஒரு தடவை ஸ்டேஷன் வரை இறங்கிப் பார்த்தாள். பாதி வழியில் இரண்டு பேரும் ஒரு மதகில் உட்கார்ந்து, திரும்பி வந்துவிட்டார்கள். ஆறு வாரம் ஆஸ்பத்திரி இல்லை. முழங்கால் விறைக்கத் தொடங்கியது. காலையில் அதை மடிக்க அவள் எண்ணெய் போட்டு நெடுநேரம் தேய்க்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில்தான் ரவூப் வந்தார். உக்குவளையில் கராஜ் வைத்திருப்பவர்; வயதில் மூத்தவர் என்று மாணிக்கவாசகம் அவரை 'நானா', அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். லக்கலை பஸ்ஸின் இன்ஜினை இரண்டு தடவை இறக்கி ஏற்றியவர். வாகனம் வராத கராஜில் இருக்கப் பிடிக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தார். சுதர்சினி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே மாணிக்கவாசகம் ஆஸ்பத்திரிச் சைக்கிளைப் பற்றிச் சொல்வதைக் கேட்டார். கேட்டு முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாணிக்கம், ஒண்ட பஸ்ஸுட பழைய ஃப்ளைவீல் என்ட சுவர்ல சாஞ்சி இரிக்கி. தெரியுமா?"

"எதுங்க நானா?"

"கிளச் பிளேட் மாத்தக்குள்ள கழட்டினது. மொகம் வெந்து, பல்லெல்லாம் தேஞ்சி போச்சின்னு புதுசு போட்டமே. வீசமாட்டாம வச்சிருக்கேன்."

எத்தனையோ வருடம் அந்த இரும்புக்கும் மாணிக்கவாசகத்தின் இடது காலுக்கும் நடுவில் ஒரு கிளச் பிளேட்டுத்தான் இருந்தது. கால் அமுக்கினால் அது விலகும், கால் எடுத்தால் அது பற்றும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை. அதை அவர் கண்ணால் பார்த்தது கூட இல்லை.

கரண்ட் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் இருந்தது. அந்த நேரத்தில் ரவூப் வெல்டிங் வேலையைப் பார்த்தார். பழைய சைக்கிள் ஒன்றின் முன்பாதியை வெட்டி எறிந்து, பின்பாதியைக் கம்பிச் சட்டத்தில் பொருத்தி, இரண்டு பெயாரிங்குகளுக்கு நடுவில் ஃப்ளைவீலை ஏற்றினார். ஒரு வாரம் கழித்து, சட்டத்தை ஒரு தடவையும் சக்கரத்தை ஒரு தடவையுமாகச் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் வந்தபோது சுதர்சினி பின்னாலிருந்து தள்ளினாள். விறாந்தையில் இறக்கிவைத்ததும் இருவரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

முதல் தடவை அது சரிவரவில்லை. வலது காலால் நாலு மிதி மிதித்ததும் சக்கரம் அருமையாக ஓடியது. மிதிப்பதை நிறுத்தினார். சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. பெடல்கள் நின்றுவிட்டன. இடது கால் அப்படியே தொங்கியது.

"அது போகுது நானா. என்னய விட்டுட்டுப் போகுது."

ரவூப் நெற்றியில் அடித்துக்கொண்டார். சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்தின் பல்வட்டம் ஒரு பக்கம்தான் பிடிக்கும். மிதியை நிறுத்தினால் சக்கரம் தனியாகப் போகும். அந்தப் பல்லைக் கழற்றிக்கொண்டு போய், சக்கரத்தோடு அசையாமல் ஒட்டவைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். இப்போது சக்கரம் போனால் கால்களும் போயே ஆக வேண்டும்.

அது இன்னொரு கஷ்டம். ரவூப் போட்டிருந்த பல் சின்னது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் நாலைந்து சுற்றுச் சுற்றியது. மாணிக்கவாசகத்துக்கு உற்சாகம் வந்து வேகம் பிடித்தார். பிறகு போதும் என்று நினைத்தார். சக்கரத்துக்குப் போதவில்லை. அது இரண்டு கால்களையும் இழுத்துக்கொண்டு போனது. கட்டு அவிழ்ந்து இடது கால் நழுவ, பெடல் வந்து முழங்காலுக்குக் கீழே அடித்தது. சுதர்சினி உள்ளே இருந்து ஓடிவந்து, மிளகு காயப்போடும் சாக்கை அள்ளிச் சக்கரத்தின் விளிம்பில் அழுத்திப் பிடித்தாள். சாக்குப் புகைவது போல மணந்தது. சக்கரம் நின்றது.

"இத இப்பவே தூக்கிட்டுப் போங்க நானா," என்றாள். "இருக்குற காலும் போயிரும்."

"சுதா, விடு." மாணிக்கவாசகம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்து வீங்கிக்கொண்டு வந்தது. "தப்பு என்னோடது. இறக்கத்துல, ஏத்தத்துல மிதிக்கிற மாதிரி மிதிச்சிட்டேன்."

ரவூப் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "தப்பு ஒண்ட இல்ல, என்ட. வேகம் ரெண்டு மடங்கானா இதுட பலம் நாலு மடங்காகும். மூணு மடங்கானா ஒம்பது. நான் இரும்புட பாரத்த மட்டும் கணக்குப் பார்த்தேன். ஓட்டத்தப் பார்க்கல்ல."

மூன்றாவது தடவை பெரிய பல் போட்டு ஓட்டத்தைக் குறைத்தார். வலது கை எட்டும் தூரத்தில் ஒரு மரப்பிடி. இழுத்தால் டயர்த் துண்டு ஒன்று விளிம்பில் உரசி நிறுத்தும். இடது காலைக் கட்டுவதற்கு டியூபைக் கிழித்து அகலமாகப் பட்டி செய்தார். மாணிக்கவாசகம் மெதுவாக மிதித்தார். வலது காலை எடுத்துப் பார்க்கச் சொன்னார் ரவூப். எடுத்தார். சக்கரம் இடது காலை மட்டும் சுமந்துகொண்டு சுற்றி, சோர்ந்து, ஏழாவது சுற்று முடியாமல் நின்றது.

"ஏழு வரைக்கும் வச்சிருக்கும்," என்றார் ரவூப். "அதுக்கு மேல அதுக்கிட்ட இல்ல."

அன்றிலிருந்து காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். சுதர்சினி கதிரையிலிருந்து அவரைத் தூக்கிச் சட்டத்தில் ஏற்றி, காலைக் கட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போவாள். சக்கரம் ஒரு சத்தம் போட்டது. வலது கால் மிதிக்கும்போது 'ஊம்' என்று எழும்பி, இடது கால் முறையில் 'ஊ...' என்று தொய்யும். ஊம், ஊ... ஊம், ஊ... நொண்டி நடப்பது போல. அந்தச் சத்தத்துக்குள் அவர் கண்ணை மூடிக்கொள்வார். மூடியதும் பஸ் புறப்படும்.

மாத்தளை ஸ்டாண்டிலிருந்து எடுப்பார். ரத்தோட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும். பம்பரகிரி அருவிக்குப் போகும் சனம் இறங்கும். பிறகு ஏற்றம், பனி, கண்ணாடியில் ஈரம். அவருக்குக் கால் விழுந்த வளைவில் முதல் நாட்களில் அவர் கண்ணைத் திறந்துவிடுவார். பிறகு ஒருநாள் திறக்காமல் தாண்டினார். உச்சியில் காற்று பஸ்ஸின் விலாவைத் தள்ளும். பிட்டவலப் புல்வெளி வெயிலில் பரந்து கிடக்கும். இறங்க இறங்க வெப்பம் ஏறும், வயல் தெரியும், பாதையோரம் யானை முறித்துப் போட்ட வாழை கிடக்கும்.

"எங்க இருக்கீங்க?" என்று சுதர்சினி தோட்டத்திலிருந்து கேட்பாள்.

"இல்லுக்கும்புற தாண்டிட்டேன்."

"மெதுவாப் போங்க."

அவள் ஒரு தடவை கூட அந்தப் பாதையில் போனதில்லை. ஆனால் ஊர்ப் பெயர்கள் வரிசையாக அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன. மழை வந்து தோட்டத்துக்குப் போக முடியாத நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்த மிளகைப் புடைத்துக்கொண்டே அவளும் பயணம் செய்தாள். பல்லேகமப் பழைய சந்தியில் யார் கடை, எந்தக் கடையில் பிளேன்டீ நன்றாக இருக்கும், எங்கே பஸ் திரும்பும் என்று அவர் சொல்லிக்கொண்டு வருவார். அந்தச் சந்தி இப்போது இல்லை. களு கங்கையை மறித்துக் கட்டிய குளத்துத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. சனத்தைப் புது ஊருக்கு மாற்றிச் சில வருடமாகிறது. அவருடைய பஸ் மட்டும் இன்னும் பழைய சந்திக்கே போனது. தண்ணீருக்குள் இறங்கி, மீன்கள் விலக, கடைக்காரர் கையசைக்க, மெதுவாகத் திரும்பி ஏறி வந்தது.

ஆவணி போனது. புரட்டாதியில் எண்ணெய் வரத் தொடங்கியது. வாரத்துக்கு இவ்வளவு என்ற அட்டை முறையில் த்ரீவீல்கள் ஓடின. ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகலாம் என்றாள் சுதர்சினி. அடுத்த வாரம் என்றார் அவர். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். போனால் துஷாந்தினி மிஸ் காலைத் தட்டிப் பார்ப்பாள், மாற்றமில்லை என்று சொல்லிவிடுவாள் என்று அவருக்குப் பயம். அதை அவர் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். சுதர்சினி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. என்னவோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது, என்னவென்று தெரியவில்லை. அடுப்பைப் பார்த்தாள். தண்ணீர்ப் பைப்பைப் பார்த்தாள். பிறகுதான் காது விறாந்தைப் பக்கம் போனது. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நொண்டவில்லை. ஊம், ஊம், ஊம், ஊம் என்று ஒரே சீராக.

பாதித் தேங்காய் கையிலேயே இருக்க, வெளியே வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க. எங்க இருக்கீங்க?"

"மேல... உச்சியில. காத்து நல்லா அடிக்குது."

"இடது கால மிதிக்கிறீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார். "இல்லையே. சக்கரம்தான்."

"வலது கால எடுங்க பாப்போம்."

"எதுக்கு?"

"எடுங்களேன்."

அவர் வலது காலைப் பெடலிலிருந்து தூக்கினார். சக்கரம் இடது காலைச் சுமந்துகொண்டு சுற்றியது. அவள் வாய்விட்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஓட்டம் குறைந்தது. நாலு. ஐந்து.

"வச்சிருக்குறதுல ஓடுது சுதா. இப்ப நின்னுரும்."

ஆறு. ஏழு. பெடல் உச்சிக்கு வந்து, தயங்கி, நிற்பது போல நின்று, கீழே இறங்கியது. எட்டு என்றாள். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது. மிக மெதுவாக, ஒவ்வொரு சுற்றும் கடைசிச் சுற்று மாதிரி வந்து, அடுத்த சுற்றுக்குப் போனது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாறுக்கு மேல் அவள் எண்ணவில்லை. தேங்காய்ப் பாதியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எப்போது தொடங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. நேற்றா, போன வாரமா. சக்கரம் கொடுத்ததும் கால் கொடுத்ததும் ஒன்றாகக் கலந்து ஓடியதில் அவருக்கே பிரித்துத் தெரியாமல் போயிருந்தது. கடைசியில் மரப்பிடியை இழுத்து நிறுத்தினார்.

"சுதா."

"ம்."

"கால் வலிக்குது. சதை வலிக்குது."

அவள் தரையில் உட்கார்ந்து பட்டியை அவிழ்த்தாள். அழுததால் முடிச்சு அவிழ நேரமானது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். துஷாந்தினி காலைத் தட்டிப் பார்த்தாள், தள்ளச் சொல்லித் தன் உள்ளங்கையில் தாங்கிப் பார்த்தாள். "இன்னொரு தடவ அங்கிள்," என்றாள். மறுபடி தள்ளினார். "எங்க பயிற்சி எடுத்தீங்க இவ்வளவு நாளும்?" என்று கேட்டாள். பஸ்ஸில் என்றார் அவர். அவள் விளங்காமல் சுதர்சினியைப் பார்த்தாள்.

மார்கழியில் நடைச்சட்டம் பிடித்து நடந்தார். அடுத்த வருடம் சித்திரைக்கு ஒரு கம்பு போதுமாக இருந்தது. பஸ் ஓட்டுவதற்கு அந்தக் கால் போதவில்லை. கிளச் கேட்கும் வேகம் அதற்கு வராது என்று அவரே ரவூப்பின் கராஜில் நின்ற ஒரு லொறியில் ஏறி உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். இறங்கும்போது முகம் வாடியிருந்தது. ரவூப் கதவைச் சாத்தினார். அதன் பிறகு மாத்தளை ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை கிடைத்தது. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதும் வேலை. பிந்தி வரும் டிரைவர்களிடம் அவர் கடுமையாக இருப்பதாகப் பேச்சு உண்டு.

போன வருடம் துஷாந்தினி மிஸ் போன் பண்ணினாள். நாலந்தாவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நோனா என்ற அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. மாத்தளைக்கு வந்துபோக முடியவில்லை. அந்தச் சக்கரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். மாணிக்கவாசகம் இன்னும் தினமும் காலையில் அரை மணி நேரம் அதில் ஏறிக்கொண்டிருந்தார்.

"குடுப்போம்," என்றாள் சுதர்சினி, போனில் பேச்சு முடியும் முன்பே.

ஞாயிற்றுக்கிழமை ரவூப் கழற்றிக்கொடுக்க, சட்டமும் சக்கரமும் தம்புள்ளை பஸ்ஸில் ஏறின. கண்டக்டர் ஏறி வந்து சக்கரத்தைப் பார்த்தார். "என்னண்ணே, இது ஆளா, சாமானா?"

"ஆள்தான்ப்பா. நம்ம டிப்பார்ட்மென்ட். ரொம்ப நாள் லக்கலை பஸ்ல ஓடினது."

நாலந்தாவில் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அதை மறுபடி பூட்டினார்கள். கழற்றும்போது ரவூப் சொல்லிக்கொடுத்தபடி சுதர்சினிதான் ஆணிகளை முறுக்கினாள். நோனா பருத்த உடம்புக்காரி, உட்காரவே பயந்தாள். சிங்களமும் தமிழுமாகக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வலது காலைக் கட்டி, இடது காலால் மிதிக்கச் சொன்னார்கள். சக்கரம் முனகி எழும்பியது. அவளுடைய வலது கால் மேலே வந்து, முன்னால் போய், இறங்கியது.

"ஐயோ, இது யாரு மிதிக்கிறது?" என்று நோனா கத்தினாள்.

"இப்போதைக்கு அத யோசிக்காதீங்கம்மா," என்றார் மாணிக்கவாசகம். "உங்களுக்கு எங்க போகணும்னு ஆசை? அங்க போங்க."

நோனா யோசித்தாள். "திருகோணமலைக்கு," என்றாள். "கல்யாணம் முடிச்ச புதுசுல போனது. கடல்."

"அது தூரம். பரவால்ல, கண்ண மூடுங்க."

அவள் மூடிக்கொண்டாள். அவளுடைய புருஷன் முன்பக்கக் கடையிலிருந்து இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சீனி கொஞ்சம் கூடியிருந்தது. வெளியே ஏ-ஒன்பது ரோட்டில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. மாணிக்கவாசகமும் சுதர்சினியும் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தார்கள்.